கொத்தவால் கண்ணால் கண்ட சாட்சி

மாறப்ப பூபதி ஆண்ட செங்குன்றூரில் சேவல் சண்டைக்குத் தடை. தடையை மீறிச் சண்டை விட்ட சடையனுக்குப் பத்து வருஷம் சிறை என்று தீர்ப்பாயிற்று. அவன் மனைவி மருதாயி கைக்குழந்தையோடு வந்து அழுததில் ராஜாவின் மனம் இளகிவிட்டது.

"ஒரு வருஷம் வெளியே இருந்து பார். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டாதே. தாண்டினால் பத்து வருஷமும் அப்படியே உன் தலையில் விழும்" என்று சொல்லி விட்டுவிட்டார்.

சேவலை மட்டும் ஊர்க்காவல் தலைவரான கொத்தவால் தில்லைமுத்து பறித்துக்கொண்டார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு மாதம் சடையன் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தான். பிறகுதான் வம்பு வந்தது. எல்லை தாண்டி அயலூர்ச் சேவல் சண்டைக்குப் போனான் என்று கொத்தவால் அவனைப் பிடித்து அடைத்துவிட்டார். மறுநாள் விசாரணை.

மருதாயி அரண்மனை வாசலில் அரசவை விகடர் திருமேனியை மறித்தாள். "சாமி, அவருக்காக நீங்கதான் பேசணும். எனக்கு வேற நாதியில்ல."

விகடர் நேரே சிறைக்குப் போனார். "உண்மையைச் சொல். போனாயா?"

"போனேன் சாமி! என் கீரிச் சேவலை அங்க இறக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. கொத்தவாலேதான் அதைக் கையில பிடிச்சு நின்னாரு. என்னா அடி அடிச்சுது தெரியுமா! நாளைக்கு ராஜாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்லிவிட்டுப் பத்து வருஷம் உள்ளே உட்கார். நாளைக்கு நீ வாயே திறக்கக் கூடாது!"

சடையனால் அது முடியாது என்பது ஊருக்கே தெரியும். அதனால் மறுநாள் சபைக்குள் நுழையும்போதே விகடர் அவன் வாயில் ஒரு பொருள்விளங்கா உருண்டையைத் திணித்தார். கருங்கல் மாதிரிப் பண்டம். கடிக்கவும் முடியாது, ராஜா முன்னால் துப்பவும் முடியாது.

கொத்தவால் மீசையை முறுக்கினார். "நம்மூர் மாரியம்மன் திருவிழா மூன்றாம் நாள், மகாராஜா. இவனை அயலூர்ச் சண்டையில் என் கண்ணால் பார்த்தேன்."

"தூரத்திலிருந்தா?" என்றார் விகடர்.

"பத்தடி தூரம்."

"கூட்டத்தில் ஆள் மாறியிருக்கலாமே?"

"முன்வரிசையில் நின்றேன் ஐயா! எனக்கு முன்னால் ஒருத்தன் கிடையாது."

"ம்ம்! ம்ம்!" என்று துள்ளினான் சடையன்.

"பார்த்ததும் ஏன் பிடிக்கவில்லை?"

"அது... சண்டை மும்முரமாக இருந்தது."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விகடர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "திருவிழாவுக்கு முதல் காப்பு யார் கையில் கட்டினீர்கள், மகாராஜா?"

"ஊர்க்காவலர் கையில்தான். இதோ, இவருக்கு."

"காப்புக் கட்டியவர் அதை அவிழ்ப்பதற்குள் எல்லை தாண்டினால்?"

"மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி ஊர்வலம். காலங்காலமாக அதுதானே வழக்கம்?"

கொத்தவாலின் கை தானாகவே தலைக்குப் போயிற்று. நல்ல சுருட்டை முடி, பாவம்.

"இவர் அங்கே போயிருந்தால் கழுதையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் சடையனைப் பார்த்தவர் யாருமே இல்லை" என்றார் விகடர்.

"சொல்லும், பார்த்தீரா?" என்றார் ராஜா.

"பார்... பார்க்கவில்லை, மகாராஜா. யாரோ சொன்னார்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடையனுக்கு விடுதலை என்றார். மருதாயி அங்கேயே உட்கார்ந்து, இந்த முறை சந்தோஷத்தில் அழுதாள். விகடருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

"பொய்ச் சாட்சிக்கும் பத்து வருஷம்தான், கொத்தவாலே. உம்மையும் ஒரு வருஷம் வெளியே விட்டுப் பார்க்கிறேன். எல்லைக் கல்லைத் தாண்டினீரோ, பத்து வருஷமும் உம் தலையில்!" என்றார் ராஜா.

சபை கலைந்ததும் கொத்தவால் விகடர் பின்னாலேயே ஓடினார். "ஐயா, எனக்காகவும் நீர்தான் வாதாட வேண்டும். சாயங்காலம் உம் வீட்டுக்கே வந்து விவரமெல்லாம் சொல்கிறேன்."

"தாராளமாக வாதாடுகிறேன். வீட்டுக்கு மட்டும் வந்துவிடாதீர்" என்றார் திருமேனி. "என் வீடு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது."