முடிச்சு வெளியே வைத்த போர்வை

கொடைக்கானல் ஏரிச்சாலையில், டிசம்பர் மாதம் சுற்றுலா வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போகும் கம்பளிக் குல்லாக்களை யார் பின்னுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, தலைக்குக் குளிர் விட்டால் சரி! அவற்றில் பாதியைப் பின்னியவர் சலேத்தம்மாள். கடை முதலாளி கம்பளி நூலை நிறுத்துக் கொடுப்பார். பின்னி முடித்ததையும் நிறுத்தே வாங்குவார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில், முனை வளைந்த குரோஷா ஊசியோடு விடியும் முன்பே அம்மையார் உட்கார்ந்துவிடுவார். ஊசி ஒவ்வொரு கண்ணியை இழுக்கும்போதும் உதடு ‘அருள் நிறைந்த மரியே’ என்று முணுமுணுக்கும். செபமாலை அறுந்துபோய் வெகுகாலமாகியும் அவர் வேறொன்று வாங்கவில்லை. பின்னலே போதும் என்று இருந்துவிட்டார்.

அந்த நிறுவைதான் அவர் வாழ்வில் மண்ணைப் போட்டது. கணவர் மரம் வெட்டப் போன இடத்தில் இறந்த சில வாரங்களில், கைக்குழந்தை இன்னாசிக்கு உறைபனிக் குளிரில் சளி நெஞ்சில் கட்டியது. வீடு நிறையக் கம்பளி நூல், எல்லாம் முதலாளியுடையது. அடுத்தவர் பொருளில் கை வைக்கலாகாது என்று தம் புடவையைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றினார் அந்தத் தாய். பிள்ளையின் பாதம் அவர் கைக்குள்ளேயே சில்லிட்டுப் போனது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் குல்லா பின்னியவரின் பிள்ளை வெறுந்தலையோடு குழிக்குள் போயிற்று. 

வேறு யாராக இருந்தாலும் கோயில் பக்கமே திரும்பியிருக்க மாட்டார்கள். சலேத்தம்மாள் அந்தக் கிறிஸ்துமசுக்கே போனார். குடிலில் வைக்கோல் மேல் சேசு பாலனின் சுதைச் சொரூபம், இடுப்புத் துணியோடு கிடந்தது. இன்னாசியின் நீளம்தான் இருக்கும். அம்மையார் முழந்தாளிட்டார்.

“எம்பிள்ளைக்குப் போத்த முடியல ராசா. ஒனக்காச்சும் போத்துறேன்” என்றார். கடவுளைத் திட்டாமல் கடவுளுக்குக் குளிருமே என்று கவலைப்பட்ட மனசு அது.

அன்று முதல், கடையில் பெருக்கித் தள்ளும் துண்டு நூல்களை முதலாளியிடம் கேட்டுப் பொறுக்கி வருவார். வெள்ளையை மட்டும் பிரித்தெடுத்து, துவைத்து, ஒன்றோடொன்று முடிந்து, ஆண்டுதோறும் பாலனுக்கு ஒரு புதுப் போர்வை பின்னுவார். பழையது யாராவது ஏழைக் குழந்தைக்குப் போய்விடும். சாண் நீளத் துண்டுகளில் பின்னினால் முடிச்சு இல்லாமல் இருக்குமா? அத்தனை முடிச்சுகளையும் ஊசி முனையால் வெளிப்பக்கம் தள்ளிவிடுவார், குழந்தை மேனியில் உறுத்தக் கூடாதென்று. பூசை முடிந்ததும் சனங்கள் வரிசையில் வந்து பாலன் பாதத்தை முத்தி செய்வது, அதாவது முத்தமிடுவது, அந்தக் கோயில் வழக்கம் என்பதால், போர்வை கணுக்காலோடு நின்றுவிடும்.

இப்படியே பல ஆண்டுகள் போயின. பிறகு குடில் அலங்காரப் பொறுப்பு ஜெசிந்தம்மாவின் கைக்கு வந்தது. அவர் பெரிய லாட்ஜ் முதலாளியின் மனைவி. வந்ததும் வராததுமாக, இரண்டு வயதுப் பிள்ளை அளவுக்கு ஃபைபரில் புதுப் பாலன் ஒன்றை வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். சுற்றிலும் ஓடி ஓடி எரியும் சீரியல் பல்புகள் வேறு. சலேத்தம்மாளிடம் யார் சொல்லப் போகிறார்கள்? கிறிஸ்துமசுக்கு முந்திய மாலை, அவர் வழக்கம்போல் போர்வையோடு வந்து நின்றார்.

“என்ன சலேத்து இது, முடிச்சு முடிச்சா? பாக்கவே நல்லால்ல.”

“முடிச்செல்லாம் வெளியதாங்கம்மா. உள்பக்கம் தொட்டுப் பாருங்க, பஞ்சா இருக்கும்.”

“உள்பக்கத்த யாரு பாக்கப் போறா? போட்டோவுல வெளிப்பக்கந்தான விழும்.”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டார்களா? போர்வையைப் பிடுங்கிப் புதுப் பாலன் மேல் விரித்தும் பார்த்தார்கள். அது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

“பாலனுக்குக் குட்டைப் பாவாடை!” என்றாள் ஒருத்தி.

“குத்தம் என்மேலதாங்கம்மா. வந்து அளந்து பாத்திருக்கணும்” என்று போர்வையை மடித்துக்கொண்டார் சலேத்தம்மாள். அவர் குற்றமாம்! “நம்ம பழைய பாலன் எங்கங்கம்மா?”

“மூக்கு ஒடஞ்சத வச்சு யாரு கும்புடுறது? எங்கிட்டோ போட்டாச்சு.”

அவமானம் அவருக்கு உறைக்கவில்லை. இந்தக் குளிரில் அவன் எங்கே கிடக்கிறானோ என்பதுதான் அவரை அறுத்தது. அன்று அவர் கண் மூடவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும், ஊரே வரிசை கட்டி ஃபைபர் பாதத்தை முத்தி செய்யப் போனது. அம்மையார் கோயில்பிள்ளை சந்தியாகுவைத் தேடிப் போனார். கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

“சாமான் ரூம்புல கெடக்கு தங்கச்சி. போத்திட்டு வெரசா வந்துரு, பூட்டணும்.”

ஒடிந்த மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கும் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கும் நடுவில், வெறும் சிமெண்டுத் தரையில் கிடந்தார் உலகாளும் பாலன். ஒரு கை வைக்கோல் போடக்கூட ஆளில்லை. சலேத்தம்மாள் கீழே உட்கார்ந்து அவரை மடியில் எடுத்துக்கொண்டார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். போர்வையை, முடிச்சு வெளியே இருக்கும்படி, சுற்றினார்.

“ரொம்பக் குளுந்துருச்சாய்யா?” என்று குனிந்து பாதத்தை முத்தி செய்தார்.

பாதம் சுட்டது.

பால் குடித்துவிட்டுத் தூங்கும் பிள்ளையின் பாதம்போல் கதகதவென்று இருந்தது. மறு பாதத்தைத் தொட்டார், அதுவும் அப்படியே. ஐயோ, எத்தனை காலம் கழித்து! “சந்தியாகண்ணே!” என்று அவர் போட்ட கூச்சலில் கோயில்பிள்ளை ஓடி வந்து தொட்டுப் பார்த்து, கையிலிருந்த சாவிக்கொத்தை நழுவவிட்டார்.

சத்தம் கேட்டு ஜெசிந்தம்மாவும் வந்தார். இரண்டு விரலால் தொட்டார். அவருக்கு அது சில்லென்ற சுதையாகத்தான் இருந்தது.

“நல்ல நாளும் அதுவுமா என்ன கூத்து இது? பைத்தியம் முத்திப்போச்சு.”

“இல்லம்மா, என் கையிலயும் சுட்டுச்சு” என்றார் சந்தியாகு. அந்த ஒரு சொல்லுக்காகப் பொங்கலுக்குள் அவர் வேலை போயிற்று. கடைசிவரை அவர் அந்தச் சொல்லை மாற்றவில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவரும் அவரே.

ஊர் திருந்தியதா என்று கேட்காதீர்கள். இன்றும் அங்கே ஃபைபர் பாதத்துக்குத்தான் வரிசை. சலேத்தம்மாள் யாரோடும் வழக்காடவில்லை. “எம்பிள்ள குளுரில்லாம இருக்கான். அது போதும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார், கிறிஸ்துமஸ் சோறு என்று ஏதுமில்லாத வீடு. ஊசியை எடுத்து அடுத்த ஆண்டுப் போர்வைக்கு முதல் கண்ணி போட்டார்.

உறுத்துவதையெல்லாம் வெளியே தள்ளி, பாலனுக்கு மெத்தென்ற பக்கத்தையே தந்த அம்மையாரின் கைகளை நாம் வணங்குவோம்.