ஆவி வெளியே போகாத வீடு

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, தான் அங்கே இல்லை என்று ஒருவரும் மறுப்பதற்கு இடம் வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் வையாபுரி. அவர் மனைவி பேச்சியம்மாள். வையாபுரியின் தம்பி குருநாதன். பேச்சியம்மாளின் தம்பி சடையப்பன். இவர்களோடு வையாபுரியின் ஒரே மகள் மங்களவல்லி, நிச்சயதார்த்தம் அவளுக்குத்தான். பின்னர் வந்து சேர்ந்தவர் மாப்பிள்ளையின் தாயார் அகிலாண்டம்மாள். மாப்பிள்ளை தெருமுனையில் காருக்குள் அமர்ந்திருந்தார். நல்ல நேரம் தொடங்கும் முன் அவர் பெண்வீட்டுப் படியேறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அகிலாண்டம்மாள் நியாயமான பெண்மணி. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எங்களை வரவேற்கத் தெளிக்கிற பன்னீர் மட்டும் நிசப் பன்னீரா இருக்கட்டும். கடையில விக்கிறதைத் தெளிச்சா எனக்கு மண்டையிடி வந்துரும். முன்னால ஒரு வீட்டுல அப்படித்தான் ஆச்சு. அந்தச் சம்பந்தமே வேணாம்னு எந்திரிச்சு வந்துட்டோம்."

மங்களவல்லிக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதைப் பற்றி மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை. தன் கல்யாணம் ஒரு சொம்புப் பன்னீரில் நிற்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாள். மற்ற நால்வரும்கூட அறிந்திருந்தார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நிசப் பன்னீர் வாங்கி வருவதற்காகத் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்ட நால்வரும், கடையில் விற்பதே கூடாது என்று நினைவு வந்ததால், பன்னீர் வடிக்கும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பழைய வைத்தியர்கள் அதை வாலை என்பார்கள். செம்பினால் ஆன வயிறு பெருத்த பானை. அதன்மேல் கவிழ்த்த மூடி. மூடியிலிருந்து கிளம்பும் நீண்ட குழாய். குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். பானையில் எழும் ஆவி அந்தக் குழாயில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வடியும். இதில் அறிவுக்கு எட்டாதது எதுவும் இல்லை.

கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். ஒருவரே அத்தனையையும் நினைவில் வைத்தால் மூளை களைத்துவிடும் என்று வையாபுரி கருதினார். ஆகவே ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆவி வெளியே போகக் கூடாது. இடுக்குகளை மாவால் அடைக்க வேண்டும். இது வையாபுரியின் பங்கு. அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது குருநாதனுக்கு. தொட்டி எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது பேச்சியம்மாளுக்கு. புதுச் செம்பில் கறை இருக்கும், அதனால் முதலில் வருவதைக் கொட்டிவிட வேண்டும் என்பது சடையப்பனுக்கு.

மறந்துவிடாமலிருக்கப் பேருந்தில் நால்வரும் தத்தம் பங்கை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். நடத்துனர் எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்டபோது, "முதல்ல வர்றதைக் கொட்டிரணும்" என்றான் சடையப்பன். இறங்கும்போது கேட்டுக்கொள்கிறேன் என்று நடத்துனர் நகர்ந்துவிட்டார்.

பானைக்குள் ரோஜா இதழ்களையும் தண்ணீரையும் போட வேண்டும் என்பது யாருடைய பங்கிலும் வரவில்லை. அதை மங்களவல்லிதான் செய்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலை, வாலையைக் கூடத்தின் நடுவில் ஏற்றினார்கள். பின்கட்டில் வைப்பது புதுப் பொருளுக்கு மரியாதை ஆகாது என்பது வையாபுரியின் எண்ணம். அடுப்பு மூண்டதும் அவர் எழுந்து நின்றார்.

"ஆவி வெளியே போகக் கூடாது. சரி. வெளியேன்னா எது?"

"வாசலுக்கு அந்தாண்டை இருக்கறது வெளியே" என்றான் சடையப்பன்.

"கொல்லைப்பக்கம்?"

"அதுவும் வெளியேதான் மச்சான். மழை பெஞ்சா நனையுற இடமெல்லாம் வெளியே."

நால்வரும் இதை ஏற்றுக்கொண்டார்கள். வடைக்கு ஆட்டி வைத்திருந்த உளுந்து மாவை எடுத்து, வாசற்கதவின் இடுக்கு, கொல்லைக்கதவின் இடுக்கு, சன்னல்கள், சாவித்துவாரம் அனைத்தையும் வையாபுரி தம் கையாலேயே அடைத்தார். பானைக்கும் மூடிக்கும் இடையில் இருந்த இடுக்கு அப்படியே இருந்தது.

"அப்பா, பானை இடுக்கை அடைக்கத்தான் மாவு சொல்லியிருப்பாரு" என்றாள் மங்களவல்லி.

"நீ கடைக்கு வந்தியா?"

"இல்லை."

"பானையில இருந்து வந்தா அது வீட்டுக்குள்ளதானே இருக்கும்? வீட்டுக்குள்ள இருக்கறது எப்படிம்மா வெளியே போனதாகும்?"

மங்களவல்லி விறகைக் குறைத்து வைத்தாள்.

குருநாதன் அடுப்பின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தான். சிறிது நேரத்தில் அவனுக்கு ஓர் ஐயம் வந்தது.

"அண்ணே, கண்ணைச் சிமிட்டலாமா?"

வையாபுரி யோசித்தார். "சிமிட்டும்போது கண்ணு எங்கே இருக்கு?"

"அடுப்பு மேலதான் இருக்கு. மேல தோல் மூடியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ சிமிட்டு. தூங்காதே."

"தூங்கும்போதும் அப்படித்தானே அண்ணே இருக்கும்?"

இதற்கு விடை காண முடியாததால், தூக்கம் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

பேச்சியம்மாள் தொட்டிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெதுவெதுத்ததும் மாற்ற வேண்டும். கிணறோ கொல்லையில் இருந்தது. கொல்லைக்கதவோ மாவில் இருந்தது. திறந்தால் வையாபுரியின் பங்கு கெடும், திறக்காவிட்டால் பேச்சியம்மாளின் பங்கு கெடும். கணவனும் மனைவியும் ஒருவர் பங்கை மற்றவர் மதித்தே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். எனவே அவள் குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். அதுவும் சுட்டபோது, விருந்தினருக்குக் கரைத்த நீர்மோரை ஊற்றினாள். பிறகு பானகம். கடைசியில் ஆறிக் குளிர்ந்திருந்த சேமியாப் பாயசம். இறைத்த வெந்நீர் கூடம் முழுவதும் பரவி நின்றது. அதில் கால் வைத்தவர்கள் காலை உதறிக்கொண்டார்களே தவிர, குறை சொல்லவில்லை.

இதற்குள் குழாயின் முனையில் பன்னீர் சொட்டத் தொடங்கியிருந்தது. ஒரு கிண்ணம் நிறைந்ததும் சடையப்பன் எழுந்தான்.

"இது முதல்ல வந்தது. கொட்டணும்."

"வெளியே கொட்ட முடியாது" என்றார் வையாபுரி.

"எங்கே கொட்டணும்னு கடைக்காரர் சொல்லலை மச்சான். கொட்டணும்னுதான் சொன்னாரு."

மூடியைத் தூக்கி, கிண்ணத்திலிருந்ததைப் பானைக்குள்ளேயே கொட்டினான். இரண்டாவது கிண்ணம் நிறைந்தது. பேச்சியம்மாள் அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"இரு அக்கா. இது எத்தனாவது?"

"ரெண்டாவதுடா."

"முதலாவது எங்கே? காட்டு."

முதலாவது எங்கும் இல்லை.

"முதலாவது இல்லாம ரெண்டாவது எப்படி வரும்? மூத்த பிள்ளை இல்லாம இளைய பிள்ளை உண்டா? இப்ப இருக்கறது இதுதான். அப்போ இதுதான் முதல்."

பேச்சியம்மாள் தம்பியைப் பெருமையோடு பார்த்தாள். படிக்க வைத்திருக்கலாம் என்றாள். இரண்டாவது கிண்ணமும் பானைக்குள் போயிற்று. மூன்றாவதும் அவ்வாறே போயிற்று. சடையப்பனின் நாணயத்தில் எள்ளளவும் குறை சொல்ல முடியாது.

நான்காவது கிண்ணம் நிறையும்போது சடையப்பன் கூடத்தில் நின்ற நீரில் கைகால் அலம்ப நகர்ந்தான். மங்களவல்லி குழாய் முனையில் வெள்ளிப் பன்னீர்ச்சொம்பைப் பிடித்து நிரப்பி, மூடியைத் திருகி, தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பானை இடுக்கிலிருந்து கிளம்பிய ஆவி, அதற்குள் வீடு முழுவதையும் நிறைத்திருந்தது. எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. கூரையில் முட்டிய ஆவி அங்கே குளிர்ந்து, ரோஜா மணத்தோடு சொட்டுச் சொட்டாக எல்லார் தலையிலும் விழுந்தது. வையாபுரி தம் வழுக்கையைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"பார்த்தியா பேச்சி? ஒரு சொட்டு வெளியே போகலை."

அப்போது கதவு தட்டப்பட்டது.

அகிலாண்டம்மாள் முன்கூட்டியே வந்திருந்தார். மாவு காய்ந்து இறுகியிருந்ததால், அதை அரிவாள்மணையால் அறுத்துக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. பட்டுப்புடவையோடு நின்ற அம்மையாரை வையாபுரி கைபிடிக்காத குறையாக உள்ளே அழைத்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, சீக்கிரம் வாங்க. ஆவி போகுது."

அவர் நுழைந்ததும் கதவைச் சாத்தி, எஞ்சிய மாவை அப்பினார். அகிலாண்டம்மாளின் கண்ணாடி உடனே வெளுத்துப்போயிற்று. கழற்றித் துடைத்தார், மறுபடி வெளுத்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அவர் அதைத் தொட்டு முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"நிசப் பன்னீர்தான்."

"வாங்க சம்பந்தியம்மா" என்றான் குருநாதன், அடுப்பைப் பார்த்து.

"இவர் யார்? ஏன் எனக்கு முதுகு காட்டிட்டு உக்காந்திருக்கார்?"

"என் தம்பி. காலையில இருந்து கண்ணை எடுக்கலை" என்றார் வையாபுரி.

அகிலாண்டம்மாள் இதைக் கண்நோய் என்று எடுத்துக்கொண்டு, இரக்கத்தோடு தலையசைத்தார். நீரில் மிதந்துகொண்டிருந்த மணையில் அமர மறுத்து நின்றபடியே, தொண்டை காய்கிறது, கொஞ்சம் மோர் இருந்தால் கொடுங்கள் என்றார்.

"மோர் தொட்டியில இருக்கு. பாயசமும் அதுலதான் இருக்கு. கொஞ்சம் சுடும்" என்றாள் பேச்சியம்மாள். "வடை கதவுல இருக்கு. ஆவியிலேயே வெந்திருக்கும், பிச்சு எடுத்துட்டு வரவா?"

அகிலாண்டம்மாள் கதவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு மங்களவல்லியைப் பார்த்தார். அவள் நனைந்த தலையோடு, தாம்பூலத் தட்டைப் பிடித்தபடி நேராக நின்றாள். அம்மையாரின் மனம் கொஞ்சம் இளகியது.

"சரி. கூரையில இருந்து சொட்டுறது முறையில சேராது. உங்க கையால மூணு சொட்டு தெளிங்க, போதும். மகனைக் கூப்பிட்டுத் தட்டை மாத்திரலாம்."

மங்களவல்லி முந்தானையிலிருந்து பன்னீர்ச்சொம்பை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். பேச்சியம்மாள் வாங்கி உயர்த்தினாள்.

"அக்கா, நில்லு" என்றான் சடையப்பன். "இது எத்தனாவது?"

"கடைசி, மாமா" என்றாள் மங்களவல்லி. அவள் இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகவே இருந்தாள்.

சடையப்பன் திகைத்தான். வையாபுரி கண்களை மூடிச் சிந்தித்தார்.

"வீட்டுல இப்ப இது ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருந்தா, அது முதலா, கடைசியா?"

"மங்களம் மாதிரி" என்றாள் பேச்சியம்மாள். "அவ நமக்கு மூத்த பொண்ணும்தான், கடைக்குட்டியும்தான்."

"கடைசியை என்ன பண்ணணும்னு கடைக்காரர் ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டான் குருநாதன், திரும்பாமல்.

"சொல்லலை" என்றான் சடையப்பன்.

"முதல்ல வந்ததை?"

"கொட்டச் சொன்னாரு."

"அப்போ சொன்னதைச் செய்வோம் அண்ணே. சொல்லாததைச் செஞ்சு எதாவது ஆயிட்டா, சம்பந்தியம்மா தலைக்கு யார் பதில் சொல்றது?"

இந்த அக்கறை எல்லாருக்கும் பிடித்திருந்தது. மங்களவல்லி எட்டிப் பிடிப்பதற்குள், சடையப்பன் சொம்பை வாங்கித் திருகைக் கழற்றி, இந்த முறை அடுப்பிலேயே கொட்டினான். நெருப்பு சீறி அணைந்தது. குருநாதன் அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

அகிலாண்டம்மாள் புடவைத் தலைப்பைப் பிழிந்தார்.

"உங்க பொண்ணை நான் குறை சொல்லலை. தங்கமான பொண்ணு. என் மகனுக்கும் அவதான் வேணுமாம். ஆனா இந்த வீட்டுக்குள்ள இன்னொரு தரம் கால் வைக்க எனக்குத் தெம்பு இல்லை. மகனையும் உள்ளே விடமாட்டேன்."

அரிவாள்மணையைத் தாமே எடுத்து, மாவை அறுத்துக் கதவைத் திறந்துகொண்டு போனார்.

வையாபுரி திறந்த கதவைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"கவலைப்படாதே மங்களம். இது உனக்கு முதல்ல வந்த சம்பந்தம். முதல்ல வர்றது கொட்டித்தான் போகணும். அடுத்தது கறையில்லாம வரும்."

சடையப்பன் தலையாட்டினான். பேச்சியம்மாள் தொட்டியில் முழங்கையை விட்டு, இப்போது நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்றாள்.

மங்களவல்லி கூந்தலை முடிந்துகொண்டாள். தாம்பூலத் தட்டில் தேங்கியிருந்த நீரைச் சாய்த்து, வெற்றிலையைத் துடைத்து அடுக்கினாள். தட்டை இடுப்பில் ஏந்தி, செருப்பை மாட்டி, கார் நிற்கும் தெருமுனையைப் பார்த்துப் படியிறங்கினாள்.

"எங்கேம்மா போறே?" என்று கேட்டார் வையாபுரி. அவள் நிற்காததால், முக்கியமானதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரை வந்தார். "போறதுன்னா கதவைச் சாத்திட்டுப் போ. ஆவி வெளியே போகுது பாரு."

அவள் படியேறி வந்து, கதவை அகலத் திறந்துவிட்டு நடந்தாள்.