குரல்தின்னியும் கரண்டித் தாளமும்

மரங்கள் ஊர்விட்டு ஊர் நடந்துபோன அந்தக் காலத்திலே, ஆற்றோரத்து ராஜ்ஜியம் ஒன்றில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே கையில் எது அகப்பட்டாலும் தட்டுவாள். முறத்தைத் தட்டுவாள், மூடியைத் தட்டுவாள், கஞ்சி கொதிக்கும்வரை பானைக் கழுத்தைத் தட்டுவாள்.

"பானை உடைஞ்சா உன் தலையிலதான் உலை வைப்பேன்டி" என்பான் புருஷன். சொல்லிக்கொண்டே காலால் தாளமும் போடுவான்.

ஒருநாள் உச்சிவேளையில் அவள் மகள் வெள்ளத்தாய் வாசலில் நின்று அழுதாள். வாய் திறந்திருக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தமே இல்லை. ராஜா மகன் முதற்கொண்டு ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அதே கதி. ஊருக்கு வெளியே பாழ்மண்டபத்தில் இருந்த குரல்தின்னிப் பேயின் வேலை. பிடிக்கப் போன சேவகர்களும் ஊமையாகத் திரும்பினார்கள்.

சடைச்சி செப்புக்குடத்தை இடுப்பில் வைத்துக் கரண்டியோடு கிளம்பினாள்.

"அம்மா, உள்ளே வாம்மா."

மண்டபத்துக்குள்ளிருந்து மகள் குரல்! ஓடினாள். தூணருகே பேய் நின்றது. வாய் அதனுடையது, குரல் வெள்ளத்தாயுடையது. வெயிலில் நின்றும் நிழல் விழவில்லை.

"எம்பிள்ளை குரலைக் குடு."

"நான் ஆடணும், நீ அடி. என் காலுக்கு முந்தி உன் கை ஓய்ஞ்சா உன் குரலும் எனக்குத்தான்." இந்தத் தடவை யாரோ ஒரு பையன் குரல்.

அடித்தாள். ஆடியது. அதன் வயிற்றுக்குள்ளே பிள்ளைக் குரல்கள் சிரித்தன, இருமின, விசும்பின. சடைச்சியின் விரல்கள் கன்றிவிட்டன. இனித் தாங்காது. ஒரே அடியை மூன்று தரம் அடித்து ஆட்டத்தை முடிக்கிற மூன்றடுக்கு அடியை எடுத்தாள்.

தகதிகு தகதிகு தோம்! பேய் ஓங்கி மிதித்தது.

தகதிகு தகதிகு தோம்! மறுபடி மிதித்தது.

தகதிகு தகதிகு...

கரண்டி அந்தரத்தில் நின்றது. தூக்கிய காலும் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. முடிக்கிற அடி விழாமல் பேயால் அதை இறக்க முடியவில்லை.

"போடுடி! அந்த ஒரு அடியைப் போட்டுடுடி!"

"முழுங்கினதைக் கக்கு. போடறேன்."

"தாயே, போட்டுடு தாயே!"

"கக்கு."

கக்கியது. குரல்கள் தும்பிகள்போல ஊர்ப்பக்கம் பறந்தன. கடைசிக் குரலும் போனபின் கெஞ்சக்கூடப் பேயிடம் குரல் இல்லை. கரண்டியையே பார்த்தது.

சடைச்சி ஓடியிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறாளே. அதோடு, தாளத்தைப் பாதியில் விட்டுப்போக அவளுக்கு மனசு வருமா?

தோம்!

கால் தரையில் பட்டதும் பேய் பொலபொலவென்று நொறுங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"என்ன வேண்டும் மகளே, கேள்" என்றார் ராஜா.

"அரண்மனைச் சமையற்கட்டுப் பாத்திரமெல்லாம் ஒருநாள் எங்கிட்ட விட்டுடுங்க, மகாராசா."

அன்றைக்கு அரண்மனையில் அடுப்பே எரியவில்லை. "இன்னும் அடிம்மா, இன்னும் அடி!" என்று வெள்ளத்தாய் தொண்டை கிழியக் கத்தினாளாம். கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே கத்தட்டும்.