புது அடுப்புக்குப் பெருந்தீ

“இன்னும் ஒரே ஒரு நாள் சுள்ளித் தீ காட்டிட்டா அடுப்பு பக்குவமாயிரும் தாயீ. பெருந்தீயை நாளைக்கு வெச்சுக்கலாமா?”

வையாபுரி இப்படிக் கேட்டது காலையில். மத்தியானம் இருநூறு பாதயாத்திரைக்காரர்கள் பசியோடு மடத்துக்கு வரப்போகிறார்கள். மனுஷன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

குரு நாச்சியாருக்கு வயது முப்பத்தைந்து. சீடர் வையாபுரிக்கு அறுபத்திரண்டு. அந்த வயதிலும் ஒன்பது நாளாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். பின்னே? பழைய அடுப்பை இடித்துத் தள்ளிவிட்டு, தானே மண் மிதித்து, வைக்கோல் சேர்த்துக் கட்டிய அடுப்பாச்சே!

கொத்தனார் சொன்னது மூன்று நாள் சுள்ளித் தீ. ஈரம் மெல்ல வெளியேறணும், எடுத்த எடுப்பில் கட்டையைப் போட்டால் சுவர் வெடிச்சுடும் என்றார். இவர் ஒன்பது நாளாகச் சுள்ளியே வைத்துக்கொண்டிருந்தார்.

“புகையுதா?”

“துளிகூட இல்லை தாயீ!”

“சுவரில் ஈரம்?”

“தட்டிப் பாருங்க, டங்கு டங்குங்குது! அழகைப் பாருங்க, கண்ணே பட்டுரும்!”

“அப்புறம் என்ன?”

“வெடிச்சுட்டா?”

நாச்சியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீட்சை வாங்கிக்கொள்ள மூன்று தடவை கூப்பிட்டபோதும், ‘இன்னும் பக்குவம் வரலை தாயீ’ என்று வையாபுரி இதே முகத்தைத்தான் காட்டினார்.

“அண்டாவை ஏத்துங்க ஐயா.”

ஏற்றினார். தண்ணீர் நிரப்பினார். அடியில் நாலே நாலு சுள்ளியைச் செருகினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் குளிக்கிற சூட்டுக்குக்கூட வரவில்லை.

அடிவாரத்தில் மேளம் கேட்டது. கூடவே அரோகரா.

“ஐயையோ, கிட்ட வந்துட்டாங்களே!”

நாச்சியார் முந்தானையை இடுப்பில் செருகினார். ஒரு கட்டுப் புளிய விறகைத் தூக்கிக்கொண்டு வந்தார். வையாபுரி பதறிக் குறுக்கே நின்றார்.

“உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் தாயீ!”

“நகருங்க.”

மொத்தத்தையும் உள்ளே திணித்தார். தீ திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது.

அரை மணி நேரம் போயிருக்கும்.

படீர்!

முன்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

“போச்சே! என் பாடெல்லாம் போச்சே!”

கொல்லைக்கு ஓடினார். ஈர மண்ணை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“விரிஞ்சுடுச்சே தாயீ!”

“ஆமா. அண்டாவில் என்ன சத்தம்?”

எட்டிப் பார்த்தார். மண் நழுவி அவர் காலிலேயே விழுந்தது.

“கொதிக்குது... தாயீ, தளதளன்னு கொதிக்குது! நம்ம அடுப்பு கொதிக்க வெச்சிருச்சு தாயீ!”

“கையைக் கழுவிட்டு அரிசியைப் போடுங்க.”