இரண்டாவது இலை

சாலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம் அது. பூவரசூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் அரியநாயகம் என்று ஒரு நெல் வியாபாரி. பெரியவர்களும் கேட்கலாம், சிறியவர்களும் கேட்கலாம். தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

அரியநாயகத்தின் வீடு பெரியது. முன்கட்டில் கடை, பின்கட்டில் நெல் கொட்டி வைக்கும் குதிர்கள். ஊர் உழவர்கள் எல்லாரும் தங்கள் விதைநெல்லை அந்தக் குதிர்களில்தான் போட்டு வைப்பார்கள். சாப்பாட்டு நெல் தீர்ந்தால் அடுத்த ஊரில் கேட்டு வாங்கலாம். விதைநெல் போனால் மறுவருடம் ஊரே பட்டினிதான். அப்பேர்ப்பட்ட நெல்லை நம்பி ஒப்படைக்க அவரைவிட நல்ல ஆள் இல்லை என்று ஊர் நினைத்தது.

அவர் மனைவி பவளாயி போன வருடம் இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் படையலை நிறுத்திவிடுவது வழக்கம். அரியநாயகம் நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்ததும் தினமும் இரண்டு இலை போடுவார், தனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் இலையில் சோறும் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் இருக்கும். அன்றைக்குக் கடையில் நடந்ததையெல்லாம் அந்த இலையிடம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

காலையில் பார்த்தால் இலை காலி. ஒரு பருக்கை மிச்சமிராது. "வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கா" என்று சொல்லிக்கொண்டு இலையை எடுப்பார். அந்த நினைப்புதான் அவரைப் பகல் முழுக்க நடமாட வைத்தது.

இப்படி இருக்கையில் வீட்டில் எலி புகுந்தது. முதலில் சாக்கைக் கடித்தது, பிறகு கதவைக் கடித்தது, பிறகு நெற்குதிரிலேயே ஓட்டை போட்டது. மழைக்காலம் நெருங்கியது. உழவர்கள் முகத்தில் கவலை தெரிந்தது. எலி விரட்ட ஆள் தேவை என்று அரியநாயகம் சந்தையில் சொல்லி அனுப்பினார்.

முதலில் ஒரு புகைக்காரன் வந்தான். அரியநாயகம் எலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எம் பொஞ்சாதிக்குன்னு இலையில வைக்கிற சோறு காலையில இருக்கறதில்ல. சாப்பிடறது யாரு?" என்றுதான் கேட்டார். ஆள் எடுக்கிற லட்சணத்தைப் பாருங்கள். புகைக்காரன் கெட்டிக்காரன். அவர் கண்ணைப் பார்த்தான், அம்மாதான் என்றான். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவன் வேப்பிலையைக் கொளுத்தி வீடெல்லாம் புகை போட்டான். எலிகள் தோட்டத்துக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு, இலை போடும் நேரத்துக்குத் திரும்பி வந்தன.

அடுத்து ஒரு மந்திரக்காரர் வந்தார். அதே கேள்வி. அம்மா மட்டுமா வருகிறார், மஞ்சள் புடவை கட்டிக்கொண்டல்லவா வருகிறார் என்று ஒரு படி மேலே போனார் அவர். அரியநாயகம் அழுதேவிட்டார். மந்திரக்காரர் நாலு மூலையிலும் மந்திரக் கயிறு கட்டினார். எலிகள் அந்தக் கயிற்றையும் தின்றன.

மூன்றாவதாகச் செம்பாயி என்று ஒருத்தி தோளில் எலி பிடிக்கும் கிட்டிகளைக் கோத்துக்கொண்டு வந்தாள். அதே கேள்வியை அவளிடமும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றாள் அவள். அன்று மாலை அவர் இலை போட்டதும், அதைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுப் போனாள். காலையில் வந்து அவரையே பார்க்கச் சொன்னாள்.

சாம்பல் முழுக்கச் சின்னச் சின்னக் கால் தடங்கள். நடுவே வால் இழுபட்ட கோடுகள். அவர் வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"ஒரு நாள்கூட அவ வரலியா?"

செம்பாயிக்கும் இரக்கம் இருந்தது. ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனாலும் சொல்லவில்லை.

"வரலீங்கய்யா. வந்தது எலிதான்."

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்களே, அந்தக் கதைதான். அரியநாயகம் வந்த கோபத்தில் அவளை வெளியே போகச் சொல்லிவிட்டார். அவள் கிட்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவர் தடங்களையே பார்த்தார். பார்த்துக்கொண்டே அவற்றின் பின்னால் நடந்தார். சாம்பல் படிந்த காலடிகள் இலையிலிருந்து கிளம்பி, நடையைக் கடந்து, நேரே குதிரின் அடியில் போய் நின்றன. அங்கே ஓட்டை. ஓட்டைக்கு வெளியே உமி. குனிந்து ஒரு கை அள்ளினார். அதில் ஒரு மணி நெல்கூட இல்லை. பவளாயிக்கு என்று தாம் போட்ட சோறுதான் எலியை வரவழைத்தது, அந்த எலிதான் ஊரின் விதையைத் தின்கிறது என்று அவருக்கு விளங்கியது. வாசலுக்குப் போய்ச் செம்பாயியைத் திரும்பக் கூப்பிட்டார்.

செம்பாயி கருவாட்டைக் கிட்டியில் கோத்தாள். வளைகளைக் களிமண்ணும் ஓட்டாஞ்சில்லும் வைத்து அடைத்தாள். இலை மட்டும் போட வேண்டாம் என்றாள். அவர் போடவில்லை. சில நாளில் எலி ஒழிந்தது. மிச்சமிருந்த விதைநெல் நெருக்கமாக விதைக்கப் போதாது, இடைவெளி விட்டு விதைக்கப் போதும். உழவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை அரியநாயகம் ஒற்றை இலையின் முன் உட்கார்ந்தார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. எலிகூட இல்லை. பவளாயி அன்றைக்குத்தான் இறந்ததுபோல் இருந்தது. பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

வாசலில் செம்பாயி கிட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போனார்.

"இன்னொரு இலை போடறேம்மா. சாப்பிட்டுட்டுப் போ."

அவள் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். கடையில் நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். இலையில் சோறு குறைவதை ஒரு வருடத்துக்குப் பிறகு கண்ணால் பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் செம்பாயி நிமிர்ந்தாள்.

"கொழம்புல உப்புக் கூடிப்போச்சுங்கய்யா."

ஒரு வருடமாகவே கூடித்தான் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. அரியநாயகம் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. அவளுக்குக் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

மறுநாள் செம்பாயி அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் அரியநாயகம் இரண்டு இலைதான் போட்டார். ஆனால் போடுவதற்கு முன் வாசலில் நின்று, வழியில் போகும் யாரையாவது கூப்பிட்டார்.

வீட்டைக் காக்க ஆள் தேடுகிறவர், தம் மனம் குளிரப் பேசுபவரை விட்டுவிட்டு, மனம் நோக நேர்ந்தாலும் உள்ளதைக் காட்டுபவரைத்தான் உள்ளே அழைக்க வேண்டும்.