லைன்மேனுக்கு விழுந்த ஓட்டு

"ஐயா, என்னைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது" என்றாள் மரகதவல்லி.

ஆசான் நல்லபெருமாள் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆசிரமத்துக் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்தீர்கள் அம்மா?"

"வலைப்பூப் போட்டியில் சேர்ந்தேன். ஆறு வருஷமாக ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது சம்பந்தி வீட்டுக்குக்கூட லிங்க் அனுப்பி ஓட்டுக் கேட்டுவிட்டேன்."

"விலகிவிடுங்களேன்."

"மனசு வரவில்லை. ஜெயித்தால் இன்னும் நாலு பேர் படிப்பார்கள். அது மட்டும்தான் காரணமா என்றால், அதுவும் இல்லை. கண் விழித்ததும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்."

"முன்னால் இருப்பது யார்?"

"செல்லையா என்று ஒரு லைன்மேன். மின்கோபுரம் ஏறுகிறவர். தொழிற்சங்கத்து ஆட்கள் எல்லாரும் அவருக்கே ஓட்டுப் போடுகிறார்கள்."

"எப்படி எழுதுகிறார்?"

"படித்ததில்லை."

ஆசான் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஆசிரமத்தின் பழைய கணினி உறுமுவது கேட்டது.

வெகுநேரம் கழித்து வந்தார்.

"ஓட்டுப் போட்டுவிட்டேன்."

"யாருக்கு?"

"லைன்மேனுக்கு."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் எழுதிய ஒரு வரியைக்கூட விடாமல் படித்தவர் இவர்.

"ஏன் ஐயா?"

"அதை அவரே எழுதியிருக்கிறார். நான் சொன்னால் நன்றாக இருக்காது."

மரகதவல்லி போனைத் திறந்தாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தாள். முதல் பதிவில் ஏழு எழுத்துப்பிழைகள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது பதிவுக்கு வந்தாள்.

'நூத்தி இருபது அடி உயரத்துல பெல்ட்டுல தொங்கிக்கிட்டு இருந்தேன். தட்டான் வந்துச்சு. ஒண்ணு, பத்து, அப்புறம் எண்ண முடியல. எல்லாம் ஒரே திசை, கடல் பக்கம். ரெண்டு மணி நேரம் போய்க்கிட்டே இருந்துச்சு. சிலது என் தோள்ல உக்காந்து இளைப்பாறிச்சு. ஸ்பேனரைத் திருப்புனா பயந்துருமேன்னு நான் அசையல. கீழ சூப்பர்வைசர் கத்துறாரு. இறங்கி வந்து என்னன்னு சொல்றது? வேலை முடியலைன்னு மட்டும் சொன்னேன்.'

அவளுக்கு மேலே படிக்க ஓடவில்லை. தன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய பதிவு. ஆயிரம் ஓட்டு வாங்கியவரின் பதிவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் பின்னூட்டத்தில் தட்டினாள்: 'தட்டான்கள் திரும்பி வந்தனவா?'

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ஆசானுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

'இன்னும் வரலை அக்கா. வருஷா வருஷம் அந்த மாசம் அந்தக் கோபுரத்துல ஏறிப் பாக்குறேன். இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை. வந்தா உங்களைக் கூப்பிடட்டுமா?'

என்ன எழுதுவது என்று ஆசானைப் பார்த்தாள்.

"நானும் வருகிறேன் என்று எழுதுங்கள்" என்றார் ஆசான்.