சாக்பீஸ் படாத சீட்

ரங்கதுரைக்கு அந்தக் காரின் மேல் வந்ததை ஆசை என்று சொல்ல முடியாது. பித்து என்றுதான் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. கொப்பரை காயப்போடும் களத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள்தான் அந்தப் பழைய பிளிமத் கார் கிடந்தது. எஞ்சின் கிடையாது. எந்தக் காலத்திலோ யாரோ அதைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ரங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்து விற்கிறவன். பையன் கல்லூரிக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டெல்லாவின் பட்டறையில் சிஷ்யன். ஸ்டெல்லா அவனுக்கு வயதில் இளையவள். ஆனால் பழைய வண்டியை வெட்டி ஒட்டிப் புது உருவம் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். அவன் அவளை "மாஸ்டர்" என்பான். அவள் வாக்கியத்துக்கு இரண்டு "ங்க" போட்டு மரியாதையாகவே அவனைப் பெண்டு நிமிர்த்துவாள்.

"மாஸ்டர், அந்தக் காரை வாங்கலாமுங்களா, வேண்டாமுங்களா?"

"வாங்கி என்னங்க பண்ணப் போறீங்க?"

"ஹாட் ராட்டுங்க."

பழைய காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, முன்னால் ஒரு பெரிய எஞ்சினைத் திறந்தபடி வைத்து, பின்சக்கரங்களைக் கொழுக்க வைத்து, ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஓட்டுகிற சமாச்சாரம் அது. ஸ்டெல்லா அப்படி மூன்று வண்டி செய்திருக்கிறாள்.

"வேனை எடுக்கறேன். பார்த்துட்டு வந்துருவோமுங்க" என்றாள்.

வழியெல்லாம் ரங்கதுரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். என்ன எஞ்சின், என்ன பெயிண்ட், சைலன்சரைப் பக்கவாட்டில் விடுவதா பின்னால் விடுவதா. கிணத்துக்கடவு வந்தது. பேச்சு நின்றுவிட்டது. ஊர் முடிந்து வயற்காடு வந்த பிறகும் அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

"என்னங்க ஆச்சு?"

"ஒரு சிநேகிதன் ஊருங்க. திருமூர்த்தின்னு. பாலிடெக்னிக்ல எங்கூடப் படிச்சவன்."

"இறங்கிப் பார்த்துட்டுப் போலாமுங்களா?"

"வேண்டாமுங்க."

ஸ்டெல்லா மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த ஹாட் ராட் பித்து அவனுக்குத் தனியாக வந்ததல்ல. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கொண்ட நோய். திருமூர்த்தியின் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவரில் இரண்டு பேரும் அடுப்புக்கரியால் ஒரு கார் வரைந்தார்கள். முன்பக்கம் எஞ்சின் துருத்திக்கொண்டு, பின்னால் புகை பறக்க. திருமூர்த்தியின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வண்டி செய்யறது இருக்கட்டும், வந்து சோத்தத் தின்னுங்கடா" என்பாள். அந்தம்மா கையால் தின்ற சோறு கொஞ்சமல்ல.

அந்தம்மா செத்தபோது ரங்கதுரை வடக்கே மெஷின் வாங்கப் போயிருந்தான். ஊர் வந்து சேருவதற்குள் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பார்கள். அவன் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளினான். தள்ளத் தள்ள வெட்கம் வளர்ந்தது. துக்கம் கேட்கத் தாமதமாகப் போவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. திருமூர்த்தியும் கூப்பிடவில்லை. அதற்கும் நாலு வருஷம் ஓடிவிட்டது.

தோப்புக்காரர் அவர்களைப் பார்த்ததும் களத்திலிருந்து எழுந்து வந்தார்.

"வெரசாச் சொல்லிப் போடுங்க தம்பி. இன்னொரு பார்ட்டி வேற கேட்டுட்டு இருக்கறாங்க."

"எத்தன வருசமாங்க கேக்கறாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். "அது கெடக்குது போங்க. உள்ள வந்து பாருங்க."

ரங்கதுரை காரின் முன்னால் போய் நின்றான். பானெட்டைத் தடவிக்கொடுத்தான். துருப்பிடித்த தகரத்தைத் தடவிக்கொடுக்கிறவனை வெளியில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அவனிடம் நீட்டினாள். பட்டறையில் தகரத்தை வெட்டுவதற்கு முன் குறி போடுகிற சாக்பீஸ்.

"எதையெல்லாம் வெட்டி எறியப் போறீங்களோ, எதையெல்லாம் மாத்தப் போறீங்களோ, அதுல எல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுங்க. மிச்சத்த வாங்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பேசலாமுங்க."

அவன் சந்தோஷமாக ஆரம்பித்தான். கூரையில் போட்டான். பானெட்டில் போட்டான். நான்கு மட்கார்டு, இரண்டு பம்பர், நான்கு கதவு. ஸ்டீயரிங் சட்டத்தில் இடம் பார்த்துக் குட்டியாக ஒன்று. பின்சீட்டில் போடப் போனபோது அடைக்கோழி கையைக் கொத்தியது. அதை ஏமாற்றி ஒரு ஓரத்தில் போட்டான். தரையில் மல்லாந்து படுத்து அடிச்சட்டத்திலும் போட்டான். துரு கண்ணில் கொட்டியது.

"ஏனுங்க தம்பி, இத்தனையும் எறியறதுக்கு எதுக்குங்க வாங்கறீங்க?" என்றார் தோப்புக்காரர். ஸ்டெல்லா அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

முன்சீட் ஒன்றுதான் பாக்கி. இந்தக் காலத்து வண்டி மாதிரி ஆளுக்கொரு சீட் இல்லை. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே பெஞ்சு. ரெக்சின் கிழிந்திருந்தது. ரங்கதுரை சாக்பீஸைக் கிட்டே கொண்டுபோனான். எடுத்துக்கொண்டான். மறுபடியும் கொண்டுபோனான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆச்சுங்க மாஸ்டர்."

"முன்சீட்டுல போடலீங்களே?"

"அது இருக்கட்டுமுங்க."

"ஹாட் ராட்டுக்கு ரெண்டு தனிச் சீட்டுத்தானுங்க போடுவாங்க. போன வாரம் நீங்களே படம் காட்டுனீங்க."

"இது இருக்கட்டுமுங்க."

"ஸ்பிரிங் போயிருச்சு. நாரெல்லாம் வெளிய வந்துருச்சு. உள்ள எலி குடித்தனம் பண்ணியிருக்குது."

"தெச்சுக்கலாமுங்க மாஸ்டர்."

அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஸ்டெல்லா முன்சீட்டைக் காட்டினாள்.

"சரி, உக்காந்து பாருங்க."

அவன் காரைச் சுற்றிக்கொண்டு போனான். கதவைத் திறந்து ஏறி, கிழிந்த சீட்டில் சாய்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டான். முகம் அப்படியே இளகிவிட்டது. இருபது வயசுப் பையனாட்டம் எதிரே இருந்த தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லா மறுபக்க ஜன்னலில் குனிந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஸ்டீயரிங் இருந்தது.

"ரங்கதுரை, வண்டி வாங்கறது யாருங்க?"

"நானுங்க."

"ஓட்டறது?"

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் பார்த்தான். உட்கார்ந்திருந்தது இடது பக்கம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சீட் காலியாக இருந்தது. அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கார் வரைந்த அன்றைக்கே யார் ஓட்டுவது என்று சண்டை வந்து, காசு சுண்டிப் பார்த்தார்கள். தலை விழுந்தது. தலை கேட்டவன் திருமூர்த்தி. அன்றிலிருந்து ரங்கதுரை எத்தனை ஆயிரம் தடவை மனசுக்குள் அந்த வண்டியில் போயிருப்பான்! ஒரு தடவைகூட அவன் ஓட்டியதில்லை.

கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் பொடியோடு முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் துடைத்தான்.

"ஓட்டறது திருமூர்த்திங்க. அவங்கம்மா செத்ததுக்கு நான் போகலீங்க மாஸ்டர்" என்றான்.

ஸ்டெல்லா ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"எனக்கும் சோறு போட்ட அம்மாவுங்க. நாலு வருசம் கழிச்சு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

"இதே மூஞ்சிதானுங்க. சாக்பீஸ் மட்டும் தொடச்சுக்குங்க."

அவன் இறங்கவில்லை. காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த ரெக்சினை ஒரு தடவை கையால் நீவிவிட்டான். பின்சீட்டில் கோழி கொக்கரித்து அடங்கியது.

"போனா, வாசல்லயே நிக்கவெச்சுப் பேசி அனுப்பிப் போடுவானுங்க."

"பேசட்டுமுங்க. நாலு வருசப் பேச்சு பாக்கி இருக்குதில்லீங்களா."

வெளியே களத்தில் தோப்புக்காரர் கொப்பரையைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. ரங்கதுரைக்கு இன்னொரு பயம் வந்தது.

"நான் போயிட்டு வர்றதுக்குள்ள வேற யாராச்சும் காரை வாங்கிட்டாங்கன்னா?"

ஸ்டெல்லா வேன் சாவியை ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள்.

"கிணத்துக்கடவுல இறங்கி, டிரைவர் வர்றாரான்னு கேட்டுட்டு வாங்க. வண்டி எங்கீங்க போகப் போகுது? எஞ்சினே இல்லீங்களே."